பெயர் என்னும் இணைப்புப் புள்ளி: அரசுத் தகவல் அமைப்புகளின் நிறுவனக் கட்டமைப்பும் தமிழ்ப் பெயர் வழக்கும் – ஒரு விமர்சன நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

அரசுத் துறைகளின் தகவல் அமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்க வழிகாட்டும் நிறுவனக் கட்டமைப்புச் சட்டகங்கள், மொழியைப் பெரும்பாலும் திரையில் தோன்றும் இடைமுகத்தின் பகுதியாகவே கருதுகின்றன. ஆனால் இரு பதிவேடுகளை இணைக்க முற்படும்போது முதலில் எதிர்ப்படுவது மனிதரின் பெயரே. தமிழ்ப் பெயர்களின் எழுத்து வேறுபாடு, முன்னெழுத்து வழக்கு, உரோமன் எழுத்தாக்கம் ஆகியவை இவ்விணைப்பை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை, இந்திய நிறுவனக் கட்டமைப்புச் சட்டகத்தையும் தமிழ்நாட்டின் நலத்திட்ட, நிலப் பதிவேடுகளையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிறுவனக் கட்டமைப்பு, மின் ஆளுமை, தரவு இணைப்பு, தமிழ்ப் பெயரியல், ஒருங்குறி, எழுத்துப்பெயர்ப்பு

முன்னுரை

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம், ஏறத்தாழ 1.06 கோடி மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாகத் தொடங்கியது. அதன் தகுதி வரையறைகளைத் தகவல் அமைப்பு நோக்கில் படிப்பது பயனுடையது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. நன்செய் 5 ஏக்கருக்கும் புன்செய் 10 ஏக்கருக்கும் மிகக்கூடாது. வீட்டு மின் நுகர்வு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைக் கடக்கக்கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்கான கார் இருக்கக்கூடாது. குடும்ப அட்டை உணவுத் துறையின் பதிவேட்டில் உள்ளது. நிலம் வருவாய்த் துறையிலும் மின் இணைப்பு மின்வாரியத்திலும் வாகனம் போக்குவரத்துத் துறையிலும் பதிவாகியுள்ளன. அரசாணையில் சில வரிகளில் அடங்கிவிடும் இந்த வரையறைகள், தனித்தனியே வளர்ந்த பல பதிவேடுகள் ஒரே குடும்பத்தைப் பற்றிப் பேச முடியும் என்னும் எடுகோளின்மீது நிற்கின்றன.

இந்த எடுகோளை நடைமுறைப்படுத்தும் துறையே நிறுவனக் கட்டமைப்பு. ஆங்கிலத்தில் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என வழங்கும் இது, ஒரு பெரிய அமைப்பின் பணிகள், தரவுகள், மென்பொருள்கள், கருவிகள் ஆகியவற்றை ஒரே வரைபடத்துள் கொண்டுவந்து, எது எதனோடு எவ்வாறு இணைய வேண்டும் என முன்கூட்டியே வகுக்கும் முறையாகும். தமிழில் மின் ஆளுமை குறித்த எழுத்துகள் பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, சொல்லாக்கம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. கட்டமைப்பின் உள்ளே மொழி எங்கே நிற்கிறது என்னும் வினா அதிகம் எழுப்பப்படவில்லை. அவ்வினாவைத் தமிழ் ஆய்வாளர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டகங்களின் மரபும் மொழியின் இடமும்

ஜான் சக்மன் 1987இல் ஐ.பி.எம். சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதிய கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகப் பொதுவாகச் சுட்டப்படுகிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் கிளிங்கர் – கோகன் சட்டம், கூட்டரசு முகமைகள் தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பை வகுத்துக்கொள்வதைக் கடமையாக்கியது. 1999இல் கூட்டரசு நிறுவனக் கட்டமைப்புச் சட்டகம் வெளிவந்தது. இன்று பரவலாகப் பின்பற்றப்படும் டோகாஃப் சட்டகமும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியிலிருந்தே 1995இல் உருப்பெற்றது. மொத்தத்தில், பதிவேடுகளை ஒரே மொழியிலும் ஒரே எழுத்திலும் எழுதிவந்த நிர்வாகத்தின் தேவைகளிலிருந்தே இம்மரபு பிறந்தது.

இந்தியாவில் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018இல் ‘இண்டியா’ எனச் சுருக்கி வழங்கப்பெறும் இந்திய நிறுவனக் கட்டமைப்புச் சட்டகத்தை வெளியிட்டது. குடிமக்கள் துறைதோறும் அலையாமல் ‘ஒரே அரசு’ என்னும் அனுபவத்தைப் பெற வேண்டும் என்பது அதன் குறிக்கோள். பணி, பயன்பாடு, தரவு, தொழில்நுட்பம், ஒருங்கிணைப்பு, பாதுகாப்பு, ஆளுகை, செயல்திறன் என எட்டுக் குறிப்பு மாதிரிகளை அது முன்வைக்கிறது. ஒவ்வொரு துறையும் தனக்கெனத் தனி மென்பொருள் வாங்கி, ஒரே விவரத்தைக் குடிமகனிடம் மீண்டும் மீண்டும் கேட்கும் நிலைக்கு எதிரான ஆவணம் என்ற வகையில் அதன் தேவையை மறுக்க இயலாது. துறைகளின் எல்லைகளே மென்பொருளின் எல்லைகளாகவும் அமைந்துவிடும் என்பதை மெல்வின் கான்வே 1968லேயே சுட்டியிருந்தார். அவ்வெல்லைகளைத் தாண்டச் சொல்வதே இச்சட்டகத்தின் வலிமை.

ஆயினும் அந்த எட்டனுள் மொழிக்கென ஒரு மாதிரி இல்லை. இதைத் தற்செயலான விடுபாடு எனக் கொள்வதற்கில்லை. இம்மரபில் மொழி என்பது ஏற்கனவே அமைந்துவிட்ட அமைப்பின் மேல் இறுதியில் பூசப்படும் வண்ணம் போன்றது. ஒரு பொத்தானை அழுத்தினால் ‘விண்ணப்பிக்க’ என்று தமிழில் தோன்றுமா என்பதே அங்கு எழும் மொழி வினா. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017ஆம் ஆண்டு ஒத்தியங்கு சட்டகம் சட்டம், அமைப்பு, பொருண்மை, தொழில்நுட்பம் என நான்கு அடுக்குகளைப் பேசுகிறது. பல மொழிகள் வழங்கும் ஒன்றியம் என்பதால் பொருண்மை அங்கே தனி அடுக்காக இடம்பெற்றிருப்பது இயல்பு. அதனினும் மிகுதியான எழுத்து முறைகளைக் கொண்ட இந்தியாவில் மொழி அடித்தளத்திலேயே வைத்துப் பேசப்பட வேண்டிய பொருள்.

இந்திய அரசு இதை முற்றிலும் எண்ணாமல் இருந்துவிடவில்லை என்பதையும் கூற வேண்டும். 2009இலேயே ஆள் அடையாளம், நிலப்பகுதிக் குறியீடு ஆகியவற்றுக்கான தரவுத் தரங்களும், மின் ஆளுமைக்கான எழுத்துக் குறியேற்றமாக ஒருங்குறியும் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரங்களாக அறிவித்து ஆணையிட்டது. இவை எழுத்து எவ்வாறு சேமிக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்த்தன. ஒரே மனிதரின் பெயர் இரு பதிவேடுகளில் இரு வகையாக எழுதப்பட்டால் என் செய்வது என்பது இவற்றின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

பெயரின் எழுத்தியல்

கணினி இரு சொற்களை ஒப்பிடும்போது அவற்றின் குறியெண்களையே ஒப்பிடுகிறது. ‘கௌரி’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். ககரத்தோடு ஔகாரக் குறி சேர்ந்து அமைவது முறையான வடிவம். தட்டச்சு செய்வோர் பலர் கெகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘கெளரி’ என அமைக்கின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டாவது ‘கெ–ள–ரி’ என்னும் மூன்றெழுத்துச் சொல். எழுத்துச் சீர்திருத்த உணர்வோடு எழுதுபவர் ‘கவுரி’ என்பார். ஆக, ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர்கள். ‘ஸ்ரீ’ என்பதிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 2005இல் ஒருங்குறியில் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பின், அவ்வெழுத்தைக் கொண்டும் ‘ஸ’ கொண்டும் இக்கூட்டெழுத்தை எழுத முடிகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தோன்றுகின்றன. ஒருங்குறியின் இயல்பாக்க விதிகள் ‘கொ’ போன்றவற்றின் இருவகைக் குறியேற்றங்களை ஒன்றாக்கிவிடும்; மேற்கூறிய இரண்டையும் ஒன்றாக்கா.

இவை தட்டச்சு சார்ந்தவை என ஒதுக்கலாம். இலக்கண மரபு சார்ந்த வேறுபாடுகளை அவ்வாறு ஒதுக்க இயலாது. ரகர லகரங்கள் தமிழில் மொழிக்கு முதலில் வாரா. எனவே ‘இராமன்’, ‘இலட்சுமி’ என எழுதுவோர் இலக்கணப்படி எழுதுகின்றனர். ‘ராமன்’, ‘லட்சுமி’ என எழுதுவோர் வழக்குப்படி எழுதுகின்றனர். ‘இலக்குமி’, ‘லக்ஷ்மி’ ஆகியனவும் உடன் உள்ளன. அகர வரிசைப்படி அமைந்த ஒரு பதிவேட்டில் இவர் இகரத்தில் இருப்பார். மற்றொன்றில் லகரத்தில் இருப்பார். ‘முத்துக்குமார்’ என்பதில் வல்லினம் மிகும், மிகாமலும் எழுதுவர். தொல்காப்பியமும் நன்னூலும் புணர்ச்சியைப் பேசும்போது மக்கட்பெயர்களின் பதிவேட்டை எண்ணியிருக்க வாய்ப்பில்லை. எனினும் இன்று ஒரு வல்லின மெய்யின் வரவு, பட்டாவும் கிரயப் பத்திரமும் ஒத்துப்போகின்றனவா என்பதைப் பாதிக்கக்கூடும்.

உரோமன் எழுத்துக்குச் செல்லும்போது சிக்கல் பன்மடங்காகிறது. ‘தமிழ்ச்செல்வி’ என்பதன் ழகரத்தை எல் என்றும், இசட்–எச் என்றும், இசட் என்றும் எழுதுவர். முதல் தகரத்தை டி என்றும் டி–எச் என்றும் எழுதுவர். சகரத்துக்கு எஸ், சி–எச் என்னும் இரு வழிகள் உள்ளன. இம்மூன்றையும் பெருக்கினாலே பன்னிரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன. மறுதலையாக, குறில் நெடில் வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் உரோமன் எழுத்தில் மறைந்துவிடுவதால் ‘காளி’, ‘கலி’, ‘காலி’ மூன்றும் ஒரே வடிவத்தில் எழுதப்படக்கூடும். ஆதார் பதிவில் ஆங்கிலப் பெயரோடு வட்டார மொழிப் பெயரும் இடம்பெறுகிறது. அங்கே எழுத்துப்பெயர்ப்பு மென்பொருள் தரும் வடிவத்தைப் பதிவாளர் திருத்தினாலன்றிப் பிழை நிலைத்துவிடும். வாகனப் பதிவும் மின் கட்டணமும் பெயரைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கொண்டுள்ளன. பட்டாவும் குடும்ப அட்டையும் தமிழில் உள்ளன. எனவே மகளிர் உரிமைத் திட்டத்தின் வரையறைகளைப் பதிவேடு கொண்டு சரிபார்க்க முனைந்தால், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் பெயர் பயணம் செய்தாக வேண்டும்.

எழுத்து சற்று வேறுபட்டாலும் ஒலி ஒத்தால் பொருத்திக்கொள்ளும் நிரல்கள் உள்ளனவே என்பர். இவ்வகையில் பழமையானது 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ். அதன் விதிகளைத் தமிழ்ப் பெயர்களுக்கு இட்டுப் பார்த்தால் வியப்பான முடிவுகள் கிடைக்கின்றன. முதலெழுத்தை அது அப்படியே வைத்துக்கொள்வதால், எஸ் கொண்டு எழுதிய செல்வியும் சி–எச் கொண்டு எழுதிய செல்வியும் வேறுவேறு ஆவர். உயிரெழுத்துகளையும் எச் எழுத்தையும் அது விட்டுவிடுவதால், மணி, மீனா, மோகன் மூவரும் எம்–500 என்னும் ஒரே குறியீட்டைப் பெறுகின்றனர். ஒருவரை இருவராக்கும் பிழையையும் மூவரை ஒருவராக்கும் பிழையையும் ஒரே விதித் தொகுப்பு செய்கிறது. பிந்தைய நிரல்கள் இதனினும் நுட்பமானவைதாம். எனினும் எந்த எழுத்து எதனோடு மயங்கும் என்பதை ஒவ்வொரு மொழிக்கும் எவரேனும் வகுத்துத் தந்தாக வேண்டும். தமிழுக்கு அதை வகுக்கத் தக்கவர்கள் தமிழ் ஒலியனியலும் பெயரியலும் பயின்றவர்கள். அவர்கள் கட்டமைப்புக் குழுக்களில் அழைக்கப்படுவதில்லை. அழைக்கப்பட வேண்டும் என அவர்களும் கேட்பதில்லை.

முன்னெழுத்தும் பெண்ணும்

தமிழர் பெயரில் குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கிறது. பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. பண்பாட்டு நோக்கில் அது வரவேற்கத்தக்கது. தரவு நோக்கில், அவ்வாணைக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட பதிவுகளை இணைக்கும் விதியும் உடன் தேவைப்படுகிறது. ‘கே. செல்வி’ என்பவரே ‘க. செல்வி’ என்பதை மனிதர் எளிதில் உணர்வர். ‘கே’ என்பது கந்தசாமியையும் கேசவனையும் கோபாலையும் குறிக்கலாம். கோபால் என்றால் ஆங்கிலத்தில் ஜி என்றும் எழுதியிருக்கலாம். கடவுச்சீட்டுப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும்போது கந்தசாமி முழுமையாக விரிந்து, மகளின் இறுதிப் பெயராகிறார்.

பெண்ணுக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் முன்னெழுத்து. குடும்ப அட்டையில் கணவரின் பெயர். வாக்காளர் பட்டியலில் திருமணத்துக்கு முன் தந்தை பெயர், பின் கணவர் பெயர். ஆணின் பெயர் ஆவணங்கள்தோறும் ஓரளவு நிலைத்திருக்க, பெண்ணின் பெயர் வாழ்வின் நடுவில் மாறுகிறது. பெயர்ப் பொருத்தத்தை நம்பும் எந்த இணைப்பும் ஆண்களை விடப் பெண்களிடமே அதிகம் தவறக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு. பெண்களுக்கென்றே வகுக்கப்பட்ட ஒரு நலத்திட்டத்தில் இது சிறிய செய்தி ஆகாது.

எண் இருக்கப் பெயர் எதற்கு?

இங்கே எழக்கூடிய முதன்மையான மறுப்பு ஆதார் எண் பற்றியது. பன்னிரண்டு இலக்க எண் இருக்கும்போது பெயர் எவ்வாறு எழுதப்பட்டால் என்ன என்பது அம்மறுப்பு. எஸ்தோனியா 2001 முதல் எக்ஸ்–ரோடு வழியாகத் தன் பதிவேடுகளை இணைத்திருப்பதும் ஆள் அடையாள எண்ணின் துணைகொண்டே. ஆனால் அங்கே அந்த எண் பிறப்புப் பதிவிலிருந்தே ஒருவரோடு வளர்கிறது. இங்கே பழைய பதிவேடுகள் எண்ணின்றிப் பிறந்தவை. தமிழ்நாட்டின் நிலப் பதிவேட்டில் உள்ள பெயர்களில் பல 1980களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் கையால் எழுதப்பட்டவை. யு.டி.ஆர். பிழை என்பது வருவாய்த் துறை அலுவலகங்களில் இன்றும் அன்றாடச் சொல். அப்பதிவுகளே பின்னர்த் ‘தமிழ்நிலம்’ மென்பொருளுக்குள் வந்தன. மின் இணைப்போடு ஆதாரை இணைக்கும் பணி 2022 நவம்பரில் தொடங்கியபோது, இணைப்பின் பெயரில் இருந்தவர் பல வீடுகளில் இறந்துபோன பாட்டனார்; வீட்டில் இருந்தவர் வாடகைக்குக் குடியிருப்பவர்.

பழைய பதிவுக்குப் புதிய எண்ணை ஏற்றும் அத்தருணத்தில் ஒருவர் இரு பெயர்களைப் பார்த்து ‘இவர்தான் அவர்’ எனத் தீர்மானிக்கிறார். அவர் அலுவலராக இருக்கலாம், இ–சேவை மைய ஊழியராக இருக்கலாம், நிரலாகவும் இருக்கலாம். அதன் பின் பெயர் மறைந்து எண் நிலைபெறுகிறது. அத்தீர்மானத்தின் பிழையும் எண்ணுக்குள் மறைந்து நிலைபெறுகிறது. எண் பெயர்ச் சிக்கலைத் தீர்ப்பதாகத் தோன்றினும், அச்சிக்கலை ஒரே ஒரு முறை, பெரும்பாலும் எவரும் பதிவு செய்யாத முறையில் கடந்து செல்கிறது என்பதே சரி.

இப்பிழை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குத் தெலங்கானாவின் ‘சமக்ர வேதிகா’ சான்று. பல துறைகளின் தரவுகளைப் பெயர், முகவரி முதலியவற்றால் பொருத்தி, ஒவ்வொருவர்க்கும் ஒருங்கிணைந்த தோற்றத்தை உருவாக்கும் அமைப்பு அது. மறைந்த ரிக்‌ஷா தொழிலாளி ஒருவர், தம்மோடு ஒத்த பெயருடைய கார் உரிமையாளரோடு ஒன்றாகக் கருதப்பட்டதால், அவருடைய மனைவிக்கு உணவுப் பொருள் மறுக்கப்பட்டது. ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் குழுவினர் 2024இல் அல்ஜசீராவில் இதனை வெளிப்படுத்தினர். அங்கு 2016 முதல் நீக்கப்பட்ட குடும்ப அட்டைகளைக் கள ஆய்வு செய்யுமாறு உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ஆணையிட்டிருந்தது. கட்டமைப்பு வரைபடத்தில் இவ்வகைப் பிழைக்கென ஒரு பெட்டி வரையப்படுவதில்லை. ஒருங்கிணைப்பு மாதிரியில் தரவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சென்றால் இணைப்பு வெற்றி. சென்றது யாருடைய தரவு என்பதை வரைபடம் கேட்பதில்லை.

ஊர்ப்பெயர்: எதிர்த் திசையில் ஒரு பாடம்

மொழியறியாக் கட்டமைப்பைக் குறைகூறும்போது, கட்டமைப்பறியா மொழிப்பற்றையும் சுட்டியாக வேண்டும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டது. வேலூருக்குப் பரிந்துரைக்கப்பட்ட வடிவத்தில் எகரம் இரட்டித்திருந்ததால் அதனை ‘வீலூர்’ என்றே ஆங்கிலம் அறிந்தோர் படித்தனர். கேலிக்கும் கண்டனத்துக்கும் இடையே அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெயரை மாற்ற விரும்பியது பிழையன்று. எழுத்துப்பெயர்ப்புக்கு ஒரு பொதுவிதி வகுக்காமல் ஊர்தோறும் தனித்தனியே எழுத்துக் கூட்டியதும், எத்தனை பதிவேடுகள் அந்த ஆங்கில வடிவத்தையே திறவாகக் கொண்டுள்ளன என எண்ணாததுமே பிழைகள். இரண்டாவதற்குக் கட்டமைப்பியல் எளிய விடை தருகிறது. ஊருக்கு ஒரு குறியீட்டெண் இருக்கட்டும். தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், பழைய பெயர், வழக்குப் பெயர் யாவும் அவ்வெண்ணின்கீழ்ப் பண்புகளாக நிற்கட்டும். உள்ளாட்சி அடைவுக் குறியீடு ஏற்கனவே உள்ளது. இந்த அடிப்படை இருந்திருந்தால் பெயர் மாற்றம் ஓர் அட்டவணைத் திருத்தமாக முடிந்திருக்கும். முதலாவதற்கு விடை தரவேண்டியவர்கள் மொழியறிஞர்களே.

செய்யத்தக்கன

ஊருக்குப் பொருந்தும் இத்தீர்வு மக்கட்பெயருக்கு அப்படியே பொருந்தாது. ஊர் தன் பெயரைப் பற்றி முறையிடுவதில்லை; மனிதர் முறையிடுவர், முறையிடவும் வேண்டும். நூலகவியலில் ஓர் ஆசிரியரின் பல பெயர் வடிவங்களைத் தொகுத்து, அவை அனைத்தையும் ஒரு பதிவின்கீழ் வைக்கும் பெயர் அதிகாரக் கோப்பு என்னும் முறை நெடுங்காலமாக உள்ளது. எந்த வடிவமும் அழிக்கப்படுவதில்லை; எவ்வடிவத்தில் தேடினும் அவரைக் காணலாம். குடிமக்கள் பதிவேட்டில் ஒரே ‘சரியான’ பெயரைத் திணித்து மற்றவற்றை அழிப்பதற்கு மாறாக இம்முறை ஏற்கத்தக்கது. அவ்வாறு அமைக்கத் தமிழ்ப் பெயர்களின் மாற்று வடிவ அகராதி ஒன்று முதலில் வேண்டும். வட்டாரம், சமயம், வடமொழிப் பெயர், அரபுப் பெயர், கிறித்தவப் பெயர் எனப் பிரிவுதோறும் எந்த எழுத்து எதனோடு மாறி வரும் என்பதை அது விதிகளாகத் தர வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் ஊர்ப்பெயர், மக்கட்பெயர் ஆய்வேடுகள் பல உள்ளன. அவை நூலக அடுக்குகளில் உறங்குகின்றன. அவற்றின் தரவு இப்பணிக்கு நேரடியாகப் பயன்படும்.

சட்டத்தின் துணையும் ஓரளவு உண்டு. 2023ஆம் ஆண்டின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படக்கூடிய தரவு முழுமையும் துல்லியமும் முரணின்மையும் உடையதாக இருப்பதை உறுதிசெய்யும் கடமையை விதிக்கிறது. அரசுக்கான விலக்குகள் அதில் விரிவானவை என்பதால் இக்கடமை நலத்திட்டங்களை எந்த அளவு கட்டுப்படுத்தும் என்பது நீதிமன்றங்களில்தான் தெளிவாகும். ஒருங்கிணைப்பு முழுமை பெறுவது குடிமகனைக் கண்காணிக்கும் ஆற்றலையும் பெருக்கும் என்னும் அச்சமும் நியாயமானதே. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

இன்றைய நிலையில் இரு பதிவேடுகளை இணைக்கும் பணியைச் செய்பவர் குடிமகனே. பட்டாவில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயரும் இருப்பின், இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே எனச் சான்று பெறவும், உறுதிமொழிப் பத்திரம் எழுதவும், அரசிதழில் வெளியிடவும் அவரே அலைகிறார். இ–சேவை மையத்தில் ஒரு வேலைநாளை இழந்து நிற்பவருக்கு ‘ஒரே அரசு’ என்னும் சொற்றொடர் எவ்வாறு ஒலிக்கும் என்பதைச் சட்டகத்தை வகுப்போர் எண்ணிப் பார்க்கலாம். பொருத்தம் மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும் எந்த இரு வடிவங்கள் ஒப்பிடப்பட்டன, எந்த எழுத்தில் வேறுபாடு நேர்ந்தது, பின்னர் அவை ஒருவருடையவை என யார் எந்த ஆவணம் கொண்டு முடிவு செய்தார் என்பது அமைப்பிலேயே பதிவாக வேண்டும். தரவுக் குறிப்பு மாதிரியில் அதற்குத் தேவைப்படுவது சில புலங்களே. அடையாளம் நீக்கிய அப்பதிவுகள் ஆய்வாளர்க்குக் கிடைத்தால், மேற்கூறிய மாற்று வடிவ அகராதியின் பெரும்பகுதியை மக்களின் விண்ணப்பங்களிலிருந்தே தொகுத்துவிட முடியும்.